‘எத்தனை சதவீதம் முடிஞ்சது?’ பெங்களூரு கட்டட சைட்டுகளில் வேலை முன்னேற்றத்தைப் பதிவதும் அறிக்கை தருவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் அபார்ட்மென்ட் கட்டும் சைட்டுகளில் தமிழ் காதில் விழாத சைட் குறைவு. கம்பி கட்டுகிறவர்கள் தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கம். சைட் இன்ஜினியர்கள் சேலம், வேலூர், கிருஷ்ணகிரி. சப்-கான்ட்ராக்டர் ஓசூரில் குடியிருந்துகொண்டு தினமும் அத்திப்பள்ளி டோல் தாண்டி வருகிறவராக இருப்பார். இந்த சைட்டுகளில் நான் பிளானிங் பார்க்கிறேன். புதிதாகச் சேரும் இன்ஜினியர்களும் கான்ட்ராக்டர் அண்ணன்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். வீட்டு இன்டீரியர், ஃபேக்டரி ஷெட், ரோடு வேலை எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான்.

எக்செல் இருக்கும்போது தனி சாஃப்ட்வேர் எதற்கு?

ஒரே பில்டிங், பதிவு செய்வது ஒரே ஆள் என்றால் தேவையே இல்லை. ஒழுங்காக வைத்த ஒரு எக்செல் ஷீட், ஒழுங்கில்லாத லட்ச ரூபாய் சாஃப்ட்வேரைவிட எவ்வளவோ மேல்.

எக்செல்லில் சிக்கல் நகல்களால் வருகிறது. டிபிஆர் என்கிற அன்றாட வேலை அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘டிபிஆர் ஃபைனல்’, ‘டிபிஆர் ஃபைனல் 2’, ‘டிபிஆர் ஃபைனல் சார் கரெக்‌ஷன்’ என்று மூன்று ஃபைல் மெயிலில் சுற்றும். ஒரே ஸ்லாப்புக்கு ஸ்டோர்ஸ் 62 கன மீட்டர் கான்கிரீட் என்று வைத்திருக்கும், சைட் 58 என்று எழுதியிருக்கும், பில்லிங்கில் 55 என்று இருக்கும். மூன்று பேரும் தங்கள் ஷீட்டைக் காட்டிச் சத்தியம் செய்வார்கள். இந்த நிலை வந்துவிட்டால், ஒரு தகவலை ஒரே இடத்தில் ஒரே தடவை பதிந்து மற்ற எல்லாரும் அதையே எடுத்துக்கொள்ளும் அமைப்பு வேண்டும். அது கூகுள் ஷீட்ஸ் ஆகவும் இருக்கலாம், கம்பெனி ஈஆர்பி (எல்லாப் பிரிவுக்கும் பொதுவான சாஃப்ட்வேர்) ஆகவும் இருக்கலாம்.

எக்செல்லில் இடம் பத்தாது என்ற பயம் வேண்டாம். ஒரு ஷீட்டில் 10,48,576 வரிசைகள் உண்டு. பழைய எக்ஸ்எல்எஸ் ஃபார்மட்டில்தான் 65,536 வரிசையோடு நின்றுவிடும். 2020இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை அந்தப் பழைய ஃபார்மட்டில் கோவிட் எண்ணிக்கையைச் சேர்த்தபோது 15,841 பேர் கணக்கில் வராமல் போனார்கள். ஃபைல் எந்த எச்சரிக்கையும் தரவில்லை, மிச்சத்தை விட்டுவிட்டது, அவ்வளவுதான். சைட் டேட்டா அந்த அளவுக்குப் போகாது. ஆனால் பழைய டெம்ப்ளேட்டை இன்னும் ஓட்டுகிறவர்கள் ஃபார்மட்டை மாற்றிவிடுவது நல்லது.

எத்தனை சதவீதம் முடிந்தது என்று எப்படிச் சொல்வது?

சொல்லக் கூடாது. சதவீதத்தை யாரும் வாயால் சொல்லவும் கூடாது, கையால் டைப் செய்யவும் கூடாது. முடித்த அளவை மட்டும் பதிய வேண்டும். மொத்த அளவால் வகுக்கிற வேலையை ஷீட் பார்த்துக்கொள்ளும். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு நடக்கிற பேச்சைப் பாருங்கள்.

“மேஸ்திரி, மூணாவது மாடி பிளாக் வேலை எவ்வளவு ஆச்சு?”

“முக்காவாசி முடிஞ்சிருச்சு சார்.”

இதை அப்படியே 75 என்று எழுதினால் அன்றைய டிபிஆர் பொய். அதே மேஸ்திரியிடம் வேறு மாதிரி கேட்டுப் பாருங்கள்.

“எந்தெந்த வீட்டுல லிண்டல் மட்டம் வந்திருக்கு?”

“301, 302, 304 வந்துருச்சு சார். 303ல எலக்ட்ரீஷியன் பாக்ஸ் வைக்கணும்னு நிறுத்திட்டாரு. 305, 306ல இன்னும் கை வைக்கல, அது நம்ம கேங் இல்லையே.”

மாடியில் ஆறு வீடு. லிண்டல் மட்டத்துக்கு, அதாவது கதவு, ஜன்னலின் மேல்விளிம்பு வரை கட்டினால் 60 சதவீதம், பீம் அடி வரை கட்டி முடித்தால் 100 என்று முன்பே வைத்திருந்தால், மூன்று வீட்டுக்கு 60 வீதம் 180. ஆறால் வகுத்தால் 30 சதவீதம். மேஸ்திரி பொய் சொல்லவில்லை. அவர் கையில் கொடுத்தது நாலு வீடு, அதில் மூன்று நிற்கிறது, அவர் கணக்கில் அது முக்கால்தான். கேள்வி தப்பாக இருந்தது.

பல வேலைகளின் சதவீதத்தைக் கூட்டி சராசரி எடுத்தால் போதாதா?

போதாது, ஆனால் பல அறிக்கைகளில் இதுதான் நடக்கிறது. மண் தோண்டல் 100, கான்கிரீட் 20, பூச்சு 0 என்று வையுங்கள். சராசரி 40 சதவீதம். பிஓக்யூவில் (வேலை, அளவு, விலைப் பட்டியல்) அவற்றின் மதிப்பு முறையே 5 லட்சம், 60 லட்சம், 35 லட்சம் என்றால், முடிந்த வேலையின் மதிப்பு 5 லட்சமும் 12 லட்சமும் சேர்ந்து 17 லட்சம். மொத்தம் ஒரு கோடி. ஆக 17 சதவீதம்.

40 என்று மேலே சொல்லிவிட்டு, அடுத்த நாலு மாதமும் ‘வேலை ஏன் நகரவில்லை’ என்று திட்டு வாங்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு வேலைக்கும் எடை கொடுங்கள். பணத்தை எடையாக வைப்பது எளிது. லிஃப்ட், ஜெனரேட்டர் மாதிரி விலை அதிகம், சைட் வேலை குறைவு என்கிற ஐட்டங்களைத் தனியாகப் பிரித்து வைக்கவும். இல்லையென்றால் லிஃப்ட் பெட்டி வந்து இறங்கிய அன்று கட்டடம் பத்து சதவீதம் வளர்ந்த மாதிரி காட்டும்.

கான்கிரீட் போடாத ஸ்லாப்புக்கு என்ன கொடுப்பது? சென்ட்ரிங்கும் கம்பியும் முடிந்திருக்கிறதே?

படிப்படியாகக் கொடுங்கள். சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் தற்காலிகப் பலகையும் முட்டும்) 40, கம்பி 30, கரண்ட் குழாயும் ஸ்லீவும் 5, கான்கிரீட் 20, சென்ட்ரிங் பிரித்தல் 5 என்பது நான் வைக்கிற பங்கு. ஆள் வேலையை வைத்துப் போட்டது இது, பணத்தை வைத்து அல்ல. உங்கள் கான்ட்ராக்டில் ரேட் எப்படிப் பிரிந்திருக்கிறதோ அப்படி மாற்றிக்கொள்ளலாம். வேலை தொடங்கும் முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும், நடுவில் மாற்றக் கூடாது. அவ்வளவுதான் விதி.

கடைசி 5 சதவீதத்தைப் பலர் கான்கிரீட் அன்றே சேர்த்து எழுதிவிடுகிறார்கள். ஐஎஸ் 456 தரவிதிப்படி தாங்கிகளுக்கு இடையே 4.5 மீட்டர் வரை தூரம் (ஸ்பான்) உள்ள ஸ்லாப்புக்கு முட்டு 7 நாள் நிற்க வேண்டும், அதற்கு மேல் என்றால் 14 நாள். அந்த முட்டுகளும் ஷீட்டுகளும்தான் அடுத்த மாடிக்குப் போக வேண்டியவை. அவை இன்னும் கீழேயே மாட்டியிருக்கிறது என்பது அறிக்கையில் தெரிந்தால்தான் அடுத்த ஸ்லாப் தேதி நம்பும்படி இருக்கும்.

மாடிப் பெயரில் ஏன் இவ்வளவு குழப்பம்?

கீழ்த்தளத்தின் மேல் விழுகிற ஸ்லாப்பை ஒருவர் ‘கிரவுண்ட் ஃப்ளோர் ரூஃப்’ என்பார். இன்னொருவருக்கு அதே ஸ்லாப் ‘ஃபர்ஸ்ட் ஃப்ளோர் ஸ்லாப்’. கான்கிரீட் வண்டிக்காரர் சலானில் ‘1வது ஸ்லாப்’ என்று எழுதியிருப்பார். பேஸ்மென்ட் இருந்தால் அதுவே இரண்டாவது ஸ்லாப். ஒரே ஸ்லாப் சிஸ்டத்தில் மூன்றாகப் பிறந்துவிடும், கான்கிரீட்டும் மூன்று பங்காகப் பிரிந்து நிற்கும். மாத முடிவில் எந்த ஸ்லாப்புக்கும் கணக்கு ஒத்துப்போகாது.

வழி எளிது, செய்கிறவர்கள்தான் குறைவு. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கோடு (code, குறியீடு): பிளாக், மட்டம், பகுதி. மட்டத்தை மாடிப் பெயரால் சொல்லாமல் டிராயிங்கில் இருக்கிற உயரத்தால் சொல்லுங்கள். பிளஸ் 3.15 மட்டம் என்றால் அது எந்த மாடி என்ற சண்டைக்கே இடமில்லை. கான்கிரீட்டைப் பாதி ஸ்லாப்பாகப் பிரித்துப் போடுகிறீர்கள் என்றால் எந்த கிரிட்டிலிருந்து எந்த கிரிட் வரை என்று பகுதிக்கும் கோடு வேண்டும். இந்தப் பட்டியலைப் பிளானிங் ஆள் ஒருவர் மட்டும் மாற்றலாம். மற்றவர்களுக்கு டிராப்-டவுன் மட்டும். டைப் செய்ய இடமே இருக்கக் கூடாது. டைப் செய்ய விட்டால் ‘செகண்ட் ஃப்ளோர்’, ‘2வது மாடி’, கடைசியில் ஒரு ஸ்பேஸ் விழுந்த ‘2வது மாடி’ மூன்றும் கம்ப்யூட்டருக்கு மூன்று மாடிதான்.

வேலையின் பெயருக்கும் இதே கதை. ஒரே வேலைக்கான ‘ஷட்டரிங்’, ‘சென்ட்ரிங்’ இரண்டையும் பட்டியலில் வைக்காதீர்கள். ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வையுங்கள்.

யார் பதிவது? எங்கள் சூப்பர்வைசருக்கு ஆங்கிலம் வராது.

பார்த்தவர்தான் பதிய வேண்டும். சைட்டில் நின்ற சூப்பர்வைசர் வாட்ஸ்ஆப்பில் எழுத, ஆபீசில் இருக்கிறவர் இரவு எட்டு மணிக்கு அதைப் பார்த்து எக்செல்லில் ஏற்றினால் தப்பு ஏறுவதற்கு இரண்டு வாசல் திறந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

மொழி பெரிய தடை இல்லை. படிவத்தில் கேள்வியைத் தமிழிலும் கன்னடத்திலும் இந்தியிலும் காட்டி, உள்ளே ஒரே கோடைச் சேமிக்கிற வசதி பல டேட்டா சேகரிப்பு ஆப்களில் உண்டு. கோபோடூல்பாக்ஸ், ஓடிகே மாதிரி ஆப்களில் எக்செல்லிலேயே படிவத்தைத் தயாரித்து, மொழிக்கு ஒரு நெடுவரிசை சேர்த்தால் போதும். நெட் இல்லாமலும் வேலை செய்யும், சிக்னல் வந்ததும் அனுப்பிக்கொள்ளும். மூன்றடுக்கு பேஸ்மென்ட்டில் நின்றுகொண்டு பதிகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

படிவத்தில் ஆறேழு கேள்விக்கு மேல் வைக்காதீர்கள்: இடம், வேலை, இன்று முடித்த அளவு, ஆள் எண்ணிக்கை, நின்றிருந்தால் காரணம், போட்டோ. முப்பது கேள்வி வைத்தால் முதல் வாரம் பதிவார்கள். அப்புறம் நேற்றைய பதிவையே காப்பி அடிப்பார்கள்.

சதுர அடியா, சதுர மீட்டரா?

பிஓக்யூ என்ன அலகில் இருக்கிறதோ அது. ஆனால் லேபர் ரேட் பேசுவது சதுர அடியில், சில மேஸ்திரிகள் சதுரத்தில், அதாவது 100 சதுர அடியில். மணல், ஜல்லியை யூனிட்டில், அதாவது 100 கன அடியில், ஏறக்குறைய 2.83 கன மீட்டர். 1,500 சதுர அடி பூச்சைச் சதுர மீட்டர் நெடுவரிசையில் போட்டால் வேலை 10.764 மடங்கு பெருகிவிடும். கேட்ட அலகில் பதியவிட்டு, மாற்றுவதை ஷீட்டுக்கு விடுங்கள். கூடவே ஒரு வரம்பும் வையுங்கள்: ஒரு மேசனும் ஒரு ஹெல்ப்பரும் நாளுக்குப் பத்து சதுர மீட்டரைச் சுற்றித்தான் உள்பூச்சு பூசுவார்கள். ஐந்து ஜோடி 300 சதுர மீட்டர் பூசியதாக வந்தால் செல் சிவப்பாக மாறட்டும்.

கம்பியை மீட்டரில் அளந்து எடையில் பதிகிறவர்களுக்கு அந்தப் பழைய சூத்திரமே போதும்: விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, வர்க்கப்படுத்தி, 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 மி.மீ. கம்பிக்கு 0.889.

தினமும் வாட்ஸ்ஆப்பில் போட்டோ போடுகிறோமே, அது பத்தாதா?

போட்டோ சாட்சி. அளவு அதில் கிடைக்காது. போதாததற்கு, வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாக அனுப்பும் போட்டோவிலிருந்து எடுத்த நேரம், இடம் போன்ற தகவல்கள் உதிர்ந்துவிடும். ஆறு மாதம் கழித்துச் சண்டை வரும்போது அந்தப் படம் எந்தத் தளம், எந்த நாள் என்று யாரும் சொல்ல முடியாது. டாக்குமென்ட்டாக அனுப்பினால் தகவல் தங்கும். தேதியும் இடமும் படத்திலேயே அச்சாகும் கேமரா ஆப் இன்னும் நல்லது. எப்போதும் அதே நாலு இடத்திலிருந்து எடுங்கள்; வாராவாரம் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வளர்ச்சி தானாகத் தெரியும்.

பிரைமவேரா 60 சதவீதம் காட்டுகிறது. சைட்டில் பாதிகூட ஆகவில்லை. எது சரி?

சைட்டுதான் சரி. பிரைமவேரா என்கிற திட்டமிடும் சாஃப்ட்வேரில் ஒவ்வொரு வேலைக்கும் ‘பர்சென்ட் கம்ப்ளீட் டைப்’ என்று ஒன்று உண்டு. மாற்றாமல் விட்டால் அது ‘டியூரேஷன்’ என்றே இருக்கும். பத்து நாள் வேலைக்கு இன்னும் நாலு நாள் மிச்சம் என்று போட்டிருந்தால் 60 சதவீதம் என்று காட்டும். ஆறு நாளில் என்ன நடந்தது என்று அது கேட்கவே கேட்காது. அதை ‘ஃபிசிக்கல்’ என்று மாற்றி, அளவிலிருந்து வந்த எண்ணைப் போடுங்கள். மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட்டிலும் ‘பர்சென்ட் கம்ப்ளீட்’ என்பது நாள் கணக்குதான். ‘ஃபிசிக்கல் பர்சென்ட் கம்ப்ளீட்’ என்று தனி நெடுவரிசை இருக்கிறது, பலர் திறந்தே பார்ப்பதில்லை.

இன்னொன்று, ‘டேட்டா டேட்’. அறிக்கை எந்தத் தேதி நிலவரம் என்பதைக் குறிக்கும் தேதி அது. அதை நகர்த்தாமலே அப்டேட் செய்தால் போன வாரம் நடந்திருக்க வேண்டிய வேலைகள் இன்னும் போன வாரத்திலேயே திட்டமாக உட்கார்ந்திருக்கும். கிளையன்ட் மீட்டிங்கில் யாராவது ஒரு பழைய ஆள் அதைச் சுட்டிக்காட்டினால் மொத்த அறிக்கையின் மரியாதையும் போய்விடும்.

தாமதமாகிவிட்டது. பேஸ்லைனை மாற்றிவிடலாமா?

ரகசியமாகக் கூடாது. பேஸ்லைன் என்பது இரு தரப்பும் ஒப்புக்கொண்ட முதல் திட்டம். கிளையன்ட் கால நீட்டிப்பு கொடுத்தாலோ, வேலையின் எல்லையே மாறினாலோ புது பேஸ்லைன் போடலாம், பழையதை அழிக்காமல். மற்றபடி ஒவ்வொரு மாதமும் திட்டத்தை நிஜத்துக்கு ஏற்ப வளைத்தால் எந்த சைட்டும் என்றைக்குமே தாமதமாகாது. சில பெரிய ப்ராஜெக்ட்டுகளின் அறிக்கைகள் அப்படித்தான் பச்சைப் பசேல் என்று இருக்கின்றன.

ஏர்ன்ட் வேல்யூ, எஸ்பிஐ, சிபிஐ என்கிறார்களே, சின்ன சைட்டுக்குத் தேவையா?

மூன்று எண் இருந்தால் போதும், எந்த சைட்டுக்கும் செய்யலாம். 2 கோடி ரூபாய் வேலை. இன்று வரை 80 லட்சத்துக்கு வேலை நடந்திருக்க வேண்டும் என்பது திட்டம். அளந்து பார்த்தால் 64 லட்சத்துக்குத்தான் நடந்திருக்கிறது, இதுதான் ஏர்ன்ட் வேல்யூ. அதற்கு நம் கையை விட்டுப் போனது 72 லட்சம்.

64ஐ 80ஆல் வகுத்தால் 0.8. இதுதான் எஸ்பிஐ (ஷெட்யூல் பெர்ஃபார்மன்ஸ் இன்டெக்ஸ்). திட்டப்படி நடந்திருக்க வேண்டிய ஒவ்வொரு ரூபாய் வேலைக்கும் 80 பைசா வேலைதான் நடந்திருக்கிறது. 64ஐ 72ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.89, இது சிபிஐ (காஸ்ட் பெர்ஃபார்மன்ஸ் இன்டெக்ஸ்). இதே செலவு விகிதம் தொடர்ந்தால் மொத்த வேலையும் முடிய 2 கோடியே 25 லட்சம் ஆகும். செலவை மட்டும் பார்க்கிற முதலாளி என்ன நினைப்பார்? ‘80 போகும் என்றார்கள், 72தான் போயிருக்கிறது, மிச்சம்தான்’ என்று நிம்மதியாக இருப்பார். இந்த ஏமாற்றத்தைப் பிடிக்கத்தான் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1967இல் இந்த முறையை ஒப்பந்தக்காரர்களுக்குக் கட்டாயமாக்கியது. நமக்கு அந்த மொத்தக் கையேடும் வேண்டாம், இந்த மூன்று எண் மாதம் ஒரு தடவை வந்தால் போதும்.

எஸ்பிஐயை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். சுலபமான, விலை அதிகமான வேலையை முன்னால் இழுத்துச் செய்தால் எண் ஏறிவிடும். கிரிட்டிக்கல் பாதையில், அதாவது தாமதமானால் மொத்த கட்டடமும் தாமதமாகும் வரிசையில் இருக்கிற லிஃப்ட் பள்ளம் தண்ணீரோடு அப்படியே கிடக்கும்.

மழையால் நின்றது, தண்ணீர் இல்லாமல் நின்றது, இதெல்லாம் எங்கே எழுதுவது?

அன்றன்றைக்கே, தனிப் பதிவாக. இதை ஹிண்ட்ரன்ஸ் ரிஜிஸ்டர் என்பார்கள், அரசு வேலைகளில் இது வழக்கமான ஆவணம். எந்த வேலை, எந்த இடம், எத்தனை மணிக்கு நின்றது, எப்போது மறுபடி தொடங்கியது, யார் பொறுப்பு என்று வேண்டும். கால நீட்டிப்பு கேட்கும்போது கையில் இருக்கும் ஒரே ஆயுதம் இதுதான். கடைசியில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதியதை எந்த கிளையன்ட்டும் ஏற்கமாட்டார்.

இந்த ஊருக்கென்று சில காரணங்கள் உண்டு, அவற்றைப் பட்டியலிலேயே தயாராக வைத்துவிடலாம். செப்டம்பர், அக்டோபர் மழை. நெரிசல் நேரத்தில் நகருக்குள் லாரிக்குத் தடை, அதனால் தாமதமாகும் ரெடிமிக்ஸ். 2024 மார்ச்சில் தண்ணீர்ப் பஞ்சத்தின்போது பெங்களூரு குடிநீர் வாரியம் கட்டட வேலைக்குக் குடிநீரைப் பயன்படுத்தத் தடை போட்டு, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்றது. அப்போது கியூரிங்குக்கு (கான்கிரீட்டை ஈரமாக வைப்பதற்கு) சுத்திகரித்த நீர் டேங்கர் தேடி அலைந்த நாட்களைத் தேதியோடு எழுதி வைத்தவர்களுக்கும் வைக்காதவர்களுக்கும் பிறகு பேச்சில் இருந்த வித்தியாசம் பெரிது.

பொங்கலுக்கு ஆள் ஊருக்குப் போனது ஹிண்ட்ரன்ஸ் ஆகாது. தீபாவளியும் அப்படியே. ஊரில் தேர்தல் என்றால் பஸ் ஏறிப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு அடுத்த வாரம்தான் வருவார்கள் என்பது நமக்குத் தெரிந்ததுதானே. திட்டத்திலேயே அந்த நாட்களை விடுமுறையாகப் போட்டுவிடுங்கள்.

டிபிஆரில் உள்ள அளவையே பில்லில் போடலாமா?

கூடாது. டிபிஆர் அன்றைய தோராயம், ஆர்ஏ பில் (வேலை நடக்க நடக்கப் போடும் பில்) இரு தரப்பும் சேர்ந்து டேப் பிடித்து அளந்தது. இரண்டும் கொஞ்சம் விலகத்தான் செய்யும். ஒவ்வொரு பில்லுக்குப் பிறகும் வித்தியாசத்தைப் பாருங்கள். எப்போதும் ஒரே பக்கமாக, டிபிஆர் கூடவும் பில் குறையவும் வந்தால், சைட்டில் யாரோ நாளைய வேலையை இன்றே எழுதுகிறார்கள்.

ரேராவுக்குத் தருகிற அறிக்கைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நேரடி சம்பந்தம். ரேரா என்பது 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டமும் அதன்படி அமைந்த ஆணையமும். அந்தச் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டு வீட்டுக்கு மேலோ கட்டி விற்பவர் பதிவு செய்ய வேண்டும். பதிந்த பின் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, எத்தனை வீடு புக் ஆகியிருக்கிறது, எந்த அனுமதி வந்தது, எது பாக்கி, வேலை எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஆணையத்தின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். கர்நாடகத்தில் அது கர்நாடகா ரேரா தளம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

பணத்தோடும் இது முடிச்சுப் போட்டிருக்கிறது. வாங்குகிறவர்களிடமிருந்து வரும் தொகையில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். வேலை முடிந்த விகிதத்துக்கு ஏற்பத்தான் அதிலிருந்து எடுக்கலாம். அந்த விகிதத்துக்கு இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் மூவரும் சான்று தர வேண்டும். அதாவது நீங்கள் சைட்டில் பதிகிற அளவு மூன்று பேர் கையெழுத்துக்கு அடியில் போய் நிற்கிறது. கையெழுத்துப் போடும் இன்ஜினியர் நீங்களாக இருந்தால், ‘எதுக்கும் ஒரு அஞ்சு பர்சென்ட் கூட்டிப் போடுப்பா’ என்று யார் சொன்னாலும் அளவுப் பட்டியலைக் காட்டி மறுத்துவிடுங்கள்.

நீங்கள் வீடு வாங்கியவர் என்றால், உங்கள் ப்ராஜெக்ட்டின் இரண்டு அறிக்கைகளை எடுத்து அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். மூன்று மாதத்தில் நிஜமாக எது நகர்ந்தது என்று புரியும்.

தேதி மாறுகிறது, தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வருகிறது. ஏன்?

தேதி: ஒரு லேப்டாப் அமெரிக்க செட்டிங்கில் இருந்தால் 03/04 என்பதை மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும், நாம் நினைத்தது ஏப்ரல் 3. 12ஆம் தேதிக்குப் பிறகு வருபவை எழுத்தாகவே தங்கிவிடும், அதனால் மாதத்தில் பாதி தேதி தப்பு, பாதி தேதி கணக்கிலேயே வராது. வருடம், மாதம், நாள் என்ற வரிசைக்கு எல்லாரையும் மாற்றுங்கள், அல்லது காலண்டரிலிருந்து தேர்ந்தெடுக்க விடுங்கள்.

தமிழ்: சிஎஸ்வி ஃபைலை டபுள் கிளிக் செய்து எக்செல்லில் திறக்காதீர்கள். டேட்டா மெனுவில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட் சிஎஸ்வி’ வழியாகக் கொண்டுவந்து, 65001 என்று எண் போட்டிருக்கும் யூடிஎஃப்-8 ஐத் தேர்ந்தெடுத்தால் எழுத்து ஒழுங்காக வரும். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்த பட்டியல்களை முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

எண்: எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். 16 இலக்க பேங்க் கணக்கு எண்ணை எண்ணாகப் போட்டால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். லேபர் பேமென்ட் லிஸ்ட் போடுகிறவர்கள் அந்த நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ ஆக்கிவிட்டு ஆரம்பியுங்கள்.

தொழிலாளர்களின் ஆதார் நகலை அதே ஷீட்டில் வைக்கலாமா?

வேண்டாம். முன்னேற்றத்துக்குத் தேவை ஆள் எண்ணிக்கையும் பிரிவும்தான், பெயரும் ஆதாரும் அல்ல. அவை தனி இடத்தில், பார்க்க வேண்டியவருக்கு மட்டும். 2023இல் தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. வாட்ஸ்ஆப் குரூப்பில் ஆதார் படம் போடுகிற பழக்கத்தை முதலில் நிறுத்துங்கள்.

மேலே ஒரே பக்கத்தில் அறிக்கை கேட்கிறார்கள். எதைப் போடுவது?

திட்டம் எவ்வளவு, நடந்தது எவ்வளவு, ஒரு எஸ்-கர்வ் (இரண்டையும் தேதிவாரியாகக் காட்டும் வளைகோடு). இந்த மாதம் தொட வேண்டியிருந்த மைல்கல்லில் தொட்டது, தொடாதது. அடுத்த மூன்று வாரத்தில் எந்த வேலைக்கு எது வர வேண்டும்: டிராயிங்கா, மெட்டீரியலா, பணமா, முடிவா. கடைசி வரியை யார் தர வேண்டும் என்ற பெயரோடும் தேதியோடும் போடுங்கள். மேலே இருப்பவர்கள் செய்யக்கூடியது அந்த வரியில்தான் இருக்கிறது. வண்ண வண்ண டயல் மீட்டர்கள் வேண்டாம், பவர் பிஐ என்கிற அறிக்கை சாஃப்ட்வேரில் செய்ய முடிகிறது என்பதற்காகச் செய்கிற வேலை அது.

கொங்கண் ரயில்வே, டெல்லி மெட்ரோ இரண்டையும் தலைமை தாங்கிக் கட்டிய இன்ஜினியர் இ. ஸ்ரீதரன், அலுவலகத்திலும் சைட்டிலும் இன்னும் எத்தனை நாள் என்று கீழிறங்கும் கடிகாரத்தை மாட்டி வைத்தார். ஒரே ஒரு எண், யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. உங்கள் பக்கத்தின் மேல் மூலையிலும் அதைப் போடலாம், செலவில்லாத வேலை.

வேலை பாதியில் இருக்கிறது, இதுவரை ஒழுங்கான பதிவு இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

பழைய டிபிஆர்களைத் தோண்டாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சைட்டில் வேலை நடக்காத நாளாகப் பார்த்து, கிளையன்ட் தரப்பில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு கீழிருந்து மேலே மாடி மாடியாக ஏறுங்கள். கையில் டிராயிங், டேப், இடக் கோடு பட்டியல். ஒவ்வொரு வீட்டிலும் எந்த வேலை எந்தப் படியில் நிற்கிறது என்று குறியுங்கள். ஐம்பது, அறுபது வீட்டு பில்டிங் என்றால் ஒரு நாளில் முடிந்துவிடும். அதைத் தொடக்க இருப்பாகப் பதிந்து, இருவரும் கையெழுத்துப் போட்ட தாளை ஸ்கேன் செய்து கூடவே வையுங்கள். அதுவரை வாங்கிய கான்கிரீட், சிமென்ட், கம்பி மொத்தத்தை ஸ்டோர்ஸ் சலான்களிலிருந்து எடுத்து ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் பெரிய இடைவெளி வந்தால் அங்கேயே நின்று காரணத்தைத் தேடுங்கள், எண்ணைச் சரிக்கட்டாதீர்கள். திங்கட்கிழமை காலையிலிருந்து புதுப் படிவத்தில் மட்டும் பதிவு, பழைய எக்செல்லுக்கு ‘ரீட் ஒன்லி’.